ஏரி தீர்மானித்த தொழிலும் பிள்ளை தீர்மானிக்கும் படிப்பும்

பழவேற்காடு ஏரியில் சுத்து வலை கட்டத் தோதான இடங்கள் எந்தக் காலத்திலும் கொஞ்சம்தான். முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓட்டம் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கேதான் இறால் படும். ஓட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு, வலை கட்டி, இருட்டில் காத்திருக்க வேண்டும். அந்தச் சில இடங்களுக்காக ஊரும் ஊரும் மோதிக்கொள்ளாமல் இருக்க மீனவர்களே வகுத்துக்கொண்ட ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொண்டன. இன்று எந்த ஊர், அந்த ஊரில் எந்தக் குழு, அந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டும் சுழற்சி வைத்தும் முடிவு செய்தார்கள். இன்றைக்கு நல்ல இடம் வாய்த்தவருக்கு இன்னொரு நாள் சுமாரான இடம் வரும். ஒருவர் மட்டும் கொழிப்பதற்கும் ஒருவர் மட்டும் பட்டினி கிடப்பதற்கும் அதில் வழியில்லை.

இந்த முறைக்குள் நுழையத் தேவைப்பட்ட தகுதி பிறப்பு. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து வீட்டில், அந்த ஊரில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். வயது வந்ததும் ஊர்ப் பஞ்சாயத்துக் கணக்கில் பெயர் ஏறும். தலைக்கட்டு வரி கட்டத் தொடங்குவான். பாடு முறையில் அவனுக்கும் ஒரு இடம் கிடைக்கும். அதற்கு முன்பே அப்பாவோடு படகேறித் தண்ணீரின் நிறம் பார்க்கவும், காற்றின் திசை பார்க்கவும், கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து பின்னவும் கற்றிருப்பான். பதினெட்டு வயதில் அவனைக் கூப்பிட்டு, ‘அடுத்து என்னப்பா செய்யப் போறே?’ என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

இன்று அதே ஏரிக்கரைப் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் உறவினர், ஆசிரியர், அக்கம்பக்கத்தார், கல்யாண வீட்டில் எதிர்ப்படுபவர் என்று ஒருவர் விடாமல் கேட்கிறார்கள். பதில் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்றும், மனசு ஒரு நிலையில் இல்லை என்றும், போனைப் பார்த்தே கெட்டுப்போனது என்றும் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஏரிக்கு மேற்கே உள்ள எளாவூரைச் சுற்றியும் பழவேற்காட்டைச் சுற்றியும் உள்ள கிராமங்களின் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தொழிலைத் தீர்மானித்துக் கொடுக்க அங்கே தலைமுறை தலைமுறையாக ஓர் அமைப்பு இருந்தது. அதில் அநியாயமும் இருந்தது. அது தளர்ந்தபோது அந்தச் சுமை முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது. இப்போது நாம் பார்க்கும் தவிப்பு அங்கிருந்து வருகிறது.

பழவேற்காட்டில் தொழில்கள் மறைவது புதிதல்ல. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனிக்கு 1690 வரை இதுதான் தலைமையிடம். இங்கிருந்து பருத்தித் துணி கப்பலேறித் தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்குப் போனது. அதைக் கொடுத்து மசாலாப் பொருள் வாங்கினார்கள். நெசவாளருக்கு வணிகர் மூலம் முன்பணம் வரும். அந்தக் கடன் அவர்களைத் தறியோடு கட்டிப்போட்டது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் இந்தக் கரையிலிருந்து போயிருக்கிறார்கள். தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனதும் துறைமுகத்தின் களை குறைந்தது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று மிஞ்சியிருப்பவை கோட்டை இருந்த மேடும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைகளும்தான்.

நெசவு போன பிறகு கால்வாய் வந்தது. 1806-ல் தொடங்கிய வேலை, 1876-78 பஞ்சத்தில் நிவாரணப் பணியாக நீண்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. அது பழவேற்காடு ஏரியின் ஊடாகவே போகிறது. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும், உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் படகுகளில் சென்னைக்குப் போயின. கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுத்தவர்கள் உண்டு. ரயிலும் லாரியும் வந்ததும் அந்தப் பிழைப்பும் தேய்ந்தது.

நெசவு தேய்ந்தபோதும் படகு இழுப்பு தேய்ந்தபோதும் மாற்றுத் தொழிலைத் தேடியவை குடும்பங்கள். தெருவே சேர்ந்து மாறியது, அல்லது தெருவே சேர்ந்து வறுமையில் விழுந்தது. தனிப் பிள்ளை தனியாக நின்று தன் தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணமே மிகப் புதியது. மேற்கு நாடுகளிலும் அப்படித்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-ல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்ட ஒரு நிலையம் திறந்தார். மறு ஆண்டு அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார். உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தொழிற்சாலைகள் பெருகி, கிராமத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள் நகரத்தில் திணறிய காலம் அது. அப்பா செய்த தொழில் பிள்ளைக்கு இல்லை என்றான பிறகுதான் இந்தத் துறையே பிறந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அரசியலாக வெடித்த ஆண்டு 1953. முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஒரு வேளை பள்ளிக்கு வந்தால் போதும், மறுவேளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அதன் உள்ளடக்கம். பெரியார் அதைக் குலக்கல்வி என்று கண்டித்தார். திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அந்தச் சண்டை சட்டமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஏரிக்கரையில் அந்தத் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. யாரும் ஆணை போடவில்லை, வழக்கமே போதுமானதாக இருந்தது. சரியாக அதே 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் உருவாகி, ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போயிற்று. தெற்கு முனையும் மேற்குக் கரையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் நின்றன. எளாவூர் எல்லையோரத்து ஊரானது. மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது. வலைக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எந்த ஊர் எதுவரை வலை போடலாம் என்ற தகராறு இரு மாநில மீனவர்களுக்கிடையே பலமுறை எழுந்திருக்கிறது.

பாடு முறையை ஒரு பொற்காலமாகச் சொல்லிவிட முடியாது. அதன் வெளியே நின்றவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில் இருளர் பழங்குடிப் பெண்கள் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நகர்கிறார்கள். கிளிஞ்சல் காலைக் கிழிக்கும், நண்டு விரலைக் கவ்வும், உப்புத் தண்ணீர் புண்ணை ஆறவிடாது. அந்தப் பெண்ணின் மகளுக்கும் தொழில் பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. அவளிடமும் யாரும் கேட்கவில்லை. தலித் குடும்பங்களும் ஏரியை நம்பிப் பிழைத்தன; நல்ல ஓட்டமுள்ள இடங்கள் அவர்களுக்கு இல்லை. பட்டினவர் வீட்டுப் பெண்களுக்கும் பாடு முறையில் பங்கில்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்பதும், கருவாடு காயவைப்பதும்தான் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

ஆக, கேள்வி எழாத காலம் என்பது எல்லோருக்கும் நிம்மதியான காலம் அல்ல. உள்ளே இருந்தவனுக்கு அது உறுதி. வெளியே இருந்தவளுக்கு அது பூட்டு.

அந்த ஏற்பாட்டை அசைத்தது இறால் விலை. ஏற்றுமதிச் சந்தை திறந்ததும் ஏரி இறாலுக்குப் பொன் விலை வந்தது. அதுவரை ஏரியை அதிகம் நாடாதவர்களும் வலையோடு வந்தார்கள். எங்களுக்கும் இடம் வேண்டும் என்று பாடு முறைக்கு வெளியே இருந்த ஊர்களும் சமூகங்களும் கேட்டன. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஏரியோ அதே அளவில்தான் இருந்தது. 1990களில் கரையோர நிலங்களில் இறால் பண்ணைகள் பெருகின. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்றது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளைப் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள்ளும் கூடாது என்றது.

இன்னொரு பக்கம் தண்ணீரே பின்வாங்கியது. ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் மண் ஏரியைத் தூர்க்கிறது. முகத்துவாரம் அடிக்கடி மணலால் அடைபடுகிறது. அடைபட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா 1969-ல் ராக்கெட் தளத்துக்குத் தேர்வானது. தீவின் குடியிருப்புகள் காலியாயின. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் கிளம்பியது. தெற்கே 1990களில் வட சென்னை அனல் மின் நிலையம், 2001-ல் எண்ணூர் துறைமுகம், அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி படகையும் வலையையும் கொண்டுபோனதோடு, கடலையே நம்பி இருக்கலாம் என்ற எண்ணத்தையும் ஆட்டம் காண வைத்தது. ‘எங்களோட போகட்டும், புள்ள படிக்கட்டும்’ என்பது குப்பத்துத் தாய்மார்களின் பேச்சாகிவிட்டது.

பள்ளிகள் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தன. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் குப்பத்துப் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்தன. எளாவூர் ரயில் நிலையம் சென்னை-கூடூர் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. கரையோர ஊர்களிலிருந்து சாலைக்கு வந்துவிட்டால் பொன்னேரி அரசு கலைக் கல்லூரிக்குப் போகலாம், சென்னைக்கும் போகலாம். வழி திறந்துவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

முதல் சிக்கல் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே வருகிறது. எந்த குரூப் எடுப்பது? ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ அதுதான் பலருக்குக் கிடைக்கிறது. கூட்டாளி எதை எடுத்தான் என்று பார்த்து எடுப்பவர்களும் உண்டு. அந்த ஒரு கையெழுத்தில் எத்தனை கதவுகள் மூடுகின்றன என்பது அப்போது தெரிவதில்லை. இந்தியக் கடலோரக் காவல் படையில் பொதுப்பணி நாவிக் எனப்படும் மாலுமி வேலைக்கு பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். கடலை உள்ளங்கை போல அறிந்த மீனவப் பையன் வேறு குரூப் எடுத்திருந்தால் அந்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. மாறாக, சென்னை ராயபுரத்தில் பிரிவு வைத்திருக்கும் சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனத்தில், பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருந்தாலே கப்பல் செலுத்தவும் கப்பல் இயந்திரம் பார்க்கவும் பயிற்சி பெறலாம். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் சென்னையில் இயங்குகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறுவதைப் பழவேற்காட்டுக் கரையில் நின்றே பார்க்கலாம். இவை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தகவல்தான் வந்து சேர்வதில்லை. சேரும்போது காலம் கடந்திருக்கிறது.

தொழிலைத் தேர்ந்தெடுப்பதில் ஏற்படும் சிரமத்தை ஆராய்ந்தவர்களில் இஸ்ரேலைச் சேர்ந்த இட்டமார் கட்டி முக்கியமானவர். 1996-ல் அவரும் சக ஆய்வாளர்களும் அந்தச் சிரமங்களை மூன்றாகப் பிரித்தார்கள். முடிவெடுக்கவே மனம் தயாராகாமல் இருப்பது ஒன்று. தன்னைப் பற்றியோ வேலைகளைப் பற்றியோ தகவல் இல்லாதது இரண்டாவது. கிடைத்த தகவல்களும், நெருங்கியவர்களின் விருப்பங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவது மூன்றாவது. 2008-ல் வந்த தொடர் ஆய்வு இதன் உணர்ச்சிப் பக்கத்தைப் பார்த்தது. எல்லாம் கெட்டுத்தான் போகும் என்ற அவநம்பிக்கை, தேர்வு செய்வது பற்றிய பதற்றம், தான் யார் என்பதில் தெளிவின்மை ஆகியவை சேர்ந்தால் சிரமம் நாள்பட்டதாக மாறுகிறது என்றது. தகவல் இல்லாமல் தடுமாறுபவருக்குத் தகவல் கொடுத்தால் தீர்ந்துவிடும். பதற்றத்தில் உறைந்தவருக்கு நூறு விளக்கக் கையேடு கொடுத்தாலும் பயனில்லை; முதலில் அந்தப் பதற்றத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதற்றம் முடிவைத் தள்ளிப்போடும், தள்ளிப்போன முடிவு பதற்றத்தைக் கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

குப்பத்துப் பிள்ளையிடம் இந்த மூன்றுமே சேர்ந்து வருகின்றன. வீட்டில் அவனுக்கு முன்னால் கல்லூரிப் படியேறியவர் இல்லை. அப்பா சொல்வது ஒன்று, பள்ளி சொல்வது ஒன்று, முகவர் விற்க வருவது மற்றொன்று. தனியார் கல்லூரிகளின் ஆள்பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்து சீட்டு, விடுதி, வேலை என்று பேசிவிட்டுப் போகிறார்கள். இதற்கு நடுவே கடலில் மீன் பட்ட நாளில் கூட்டாளி கையில் புழங்கும் காசு வேறு இழுக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த உளவியலாளர் கிதியோன் அருள்மணி, ஏழைக் குடும்ப இளைஞர்களின் தொழில் நம்பிக்கைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். படிப்பு நமக்குப் பயன்படுமா, இப்போதே சம்பாதிப்பது மேலா, நம்மால் முடியுமா என்பது பற்றி ஒரு சமூகம் தனக்குள் சொல்லிக்கொள்ளும் விஷயங்கள், பிள்ளையின் முடிவைப் பாதிக்கின்றன என்பது அவர் வாதம். ஏரிக்கரையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

இதோடு ஒரு குற்ற உணர்ச்சியும் சேர்கிறது. மீன்பிடித்தொழில் தனி ஆள் செய்யும் தொழில் அல்ல. படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பிரிக்கும் கூட்டு வேலை. வீட்டில் வளர்ந்த மகன் கல்லூரிக்குப் போனால் அப்பா வெளி ஆளைச் சேர்க்க வேண்டும். ஒரு பங்கு வீட்டை விட்டுப் போகிறது. படிப்பு கைகூடாமல் திரும்பி வந்தாலோ, பன்னிரண்டு வயதில் கற்றிருக்க வேண்டிய வேலையை இருபதில் கற்க வேண்டும். கூட்டாளிகள் அதற்குள் முழுப் பங்குக்காரர்கள் ஆகியிருப்பார்கள். அவன் படகிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. அடையாளம் பற்றி எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன், இளம் வயதில் அதிகம் பேரைக் குலைப்பது தொழில் சார்ந்த அடையாளத்தில் நிலைகொள்ள முடியாததுதான் என்று கருதினார். பழவேற்காட்டில் ஒருவனுடைய பெயர், ஊர், பங்கு, பஞ்சாயத்தில் இருக்கை எல்லாமே ஒரே தொழிலிலிருந்து வந்தவை. அந்தத் தொழிலை விடுபவன் இவை எல்லாவற்றையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் நுணுக்கமானது. அவர்களுக்குத் திரும்பி வரப் படகு கிடையாது. படிப்பு நின்றால் அடுத்த பேச்சு கல்யாணம். அதனாலேயே பலர் கிடைத்த படிப்பில் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்த படிப்பா என்பது இரண்டாவது கேள்வி. இருளர் பிள்ளைகளுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சாதிச் சான்றிதழ் என்ற சுவர் நிற்கிறது. பழங்குடிச் சான்றிதழ் நேரத்துக்குக் கிடைக்காமல் சேர்க்கையையும் உதவித்தொகையையும் இழந்தவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. அந்தப் பிள்ளையின் தவிப்பை உளவியல் சிக்கல் என்று மட்டும் சொன்னால் வருவாய்த் துறை அலுவலகம் தப்பித்துக்கொள்ளும்.

நாடு முழுவதிலும் இந்த வயதின் மனநிலை பற்றிக் கிடைக்கும் எண்கள் கவலை தருபவை. 2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. 2022-ல் என்.சி.ஈ.ஆர்.டி. 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் 81 சதவீதம் பேர் தங்கள் பதற்றத்துக்குப் படிப்பு, தேர்வு, ரிசல்ட் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். 2017 செப்டம்பரில் மருத்துவ இடம் கிடைக்காமல் போன அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதாவை இழந்தபோது, ஆசைப்பட்ட ஒரே கதவு அடைபடுவது ஒரு பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்பதைத் தமிழ்நாடு நேருக்கு நேர் பார்த்தது. ஒரே கதவுதான் இருக்கிறது என்று பிள்ளைகளை நம்ப வைத்த பொறுப்பு பெரியவர்களுடையது. தேர்வு முடிவு நாட்களில் அரசின் 104 சேவையிலிருந்து மாணவர்களை அழைத்துப் பேசும் வழக்கம் வந்ததும், 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாத மனநல ஆலோசனை கிடைப்பதும் நல்ல மாற்றங்கள்.

தொழில் வழிகாட்டலிலும் அரசு நகர்ந்திருக்கிறது. 2022 மார்ச் 1-ல் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் நடந்தன. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டிலும் வந்தன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் முதலான படிப்புகளுக்கும் அது 2021-ல் விரிந்தது. இவற்றால் குப்பங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் செலவுச் சுமை குறைகிறது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பிளஸ் டூவை ஒட்டியே வருகின்றன. ஏரிக்கரைப் பிள்ளையின் பாதை திரும்புவது அதற்கு முன்னால், குரூப் எடுக்கும் நாளில். ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சு தொடங்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் நடக்கும் ஒரு நாள் நிகழ்ச்சியில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து கேட்பது தகவலுக்கு உதவும். தன் பயத்தைச் சொல்ல அது இடம் அல்ல. அதற்குப் பள்ளியிலேயே ஒரு ஆள் வேண்டும். திரும்பத் திரும்பப் போய்ப் பேசக்கூடிய, பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஆள்.

மீன்பிடிப்பையும் இந்தப் பேச்சிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது. ‘படிக்கலேன்னா படகுக்குத்தான் போகணும்’ என்று வகுப்பறையில் மிரட்டுவது அந்தப் பிள்ளையின் அப்பாவை அவன் கண்முன்னே தாழ்த்துகிறது. தோற்றவர்கள் போகும் இடமாகக் கடலைக் காட்டிவிட்டால், கடலுக்குத் திரும்பும் ஒவ்வொருவனும் தோற்றவனாகவே திரும்புவான். ஏரியைப் பற்றி, ஓட்டத்தைப் பற்றி, மீனின் வழக்கங்களைப் பற்றி அந்தக் குடும்பங்களிடம் இருக்கும் அறிவு, மீன்வளப் படிப்புக்கும் ஏரிப் பாதுகாப்புக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது. விரும்பி மீனவராகும் பையனுக்கும் விரும்பிச் செவிலியராகும் பெண்ணுக்கும் ஒரே மரியாதை கிடைக்க வேண்டும்.

இதற்கு ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்று உட்கார்ந்து பேசி முறை வகுத்த பஞ்சாயத்துகள் இன்னும் குப்பங்களில் கூடுகின்றன. எல்லை, வலை, படகு, கோயில் கணக்கு என்று அங்கே பேசாத விஷயம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் அந்தக் கூட்டம் கூடட்டும். பாடு முறை காலத்தில் வெளியே நிறுத்தப்பட்ட இருளர், தலித் குடும்பங்களின் பிள்ளைகளும், எல்லா வீட்டுப் பெண் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரட்டும். பள்ளி ஆசிரியரையும், ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய் வந்தவர்களையும், சான்றிதழ் கொடுக்கும் வருவாய் அலுவலரையும் அழையுங்கள். பிள்ளையிடம் கேட்கும் முன் அந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு எங்கே இடம் இருக்கிறது, யார் செலவு செய்வார்கள், திரும்பி வந்தால் யார் படகில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதைப் பெரியவர்கள் பேசி முடியுங்கள். அதன் பிறகு ‘என்ன படிக்கப் போறே?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் ஆனாலும் பொறுத்திருங்கள்.